மற்றக் காது

என் தம்பி மில்ரன் கழுதையில் மோதிச் செத்தவன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நான் கோபிக்கமாட்டேன். செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் விஷயத்தைக் கேட்டதும், வாய்க்குள் வந்ததை இருமலாக மாற்றினார்கள். எங்கள் மன்னார்த் தீவுக்கு வந்துபோனவர்களுக்குத் தெரியும், தலைமன்னார் றோட்டுக்குக் கழுதைகள்தான் சொந்தக்காரர். பொழுதுபட்டால் தாரின் சூட்டுக்கு நடு றோட்டில் வந்து நிற்கும். ஹோர்ன் அடித்தால் திரும்பிப் பார்க்கும், விலகாது. மில்ரன் பேசாலையில் போன் திருத்தும் கடையில் வேலை முடிந்து, மோட்டார் சைக்கிளில் ஓலைத்தொடுவாய்க்கு வந்துகொண்டிருந்தான். கழுதைக்கு ஒரு கால் நொண்டியானது. அது இன்றைக்கும் எங்கள் வாசல் படலையைத் தாண்டி நொண்டிக்கொண்டு போய்வருகிறது. அம்மா அதற்குப் பழஞ்சோறு வைக்கிறார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கழுதைப் பழமொழி சொல்வதில்லை. மாமி ஒருநாள் சாமான் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, "கழுதை தேய்ஞ்சு" என்று தொடங்கிவிட்டார். கட்டெறும்பு வரைக்கும் போக அவருக்கு வாய் வரவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

நான் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊரே சொல்லிவிட்டது, நான் மட்டும் மறைத்து என்ன? மன்னார் பட்டினத்தில் ஜெகதீபன் அண்ணையின் சவுண்ட்ஸ் கடையில் எனக்கு வேலை. முன்பக்கம் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஸ்பீக்கர் வாடகைக்குப் போகும். பின்பக்கம் சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டிய ஒரு சின்ன அறை, அதில்தான் ஒலிப்பதிவு. கோயில் பாட்டு, தவக்காலத்தில் யேசுவின் பாடுகளைப் படிக்கிற பசாம், சீமெந்துக் கடை விளம்பரம், ஓட்டோவில் கட்டிக்கொண்டு போகிற மரண அறிவித்தல், எல்லாம் என் கையால்தான் வெளியே போகும். மில்ரனுடைய அறிவித்தலையும் நான்தான் செய்தேன். அறிவிப்பாளர் அவன் பெயரைச் சொல்லும் இடத்தில் ஒரு எச்சில் சத்தம் கேட்டது, அதை வெட்டி எடுத்தேன். அடக்கப் பூசையின்போது ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்தது. சவப்பெட்டி அங்கே பீடத்துக்கு முன்னால் இருக்க, நான் எழுந்து போய் வயரைப் பார்த்துச் சரிபண்ணிவிட்டு வந்து இருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சழுத்தக்காரி என்று பெயர் வந்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலுமா? எனக்கும் அது பொய்யென்று சொல்லத் தெரியவில்லை. உள்ளுக்குள் தட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. விறைத்துப்போன பல்லை நாக்கால் தொடுவதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில் ஆண்டுப் பூசை முடியும்வரைக்கும் பாட்டுப் போடக்கூடாது. அம்மா ரீவியின்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினார். என் போனில் அழைப்பு மணிகூட ஊமையாகத்தான் இருக்க வேண்டும். எனக்கென்ன, நாள் முழுக்கச் சத்தத்துக்குள் இருந்துவிட்டு வருகிறவளுக்கு அது வசதிதான்.

ஆண்டு முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு மத்தியானம் அப்பா பஸ் ஏறி மன்னாருக்கு, என் கடைக்கு வந்தார். அப்பா அலெக்ஸாண்டர், இளம் வயதில் கடலட்டைக்கும் சங்குக்கும் கடலில் மூழ்கிக் குளித்தவர். ஆழத்தில் ஒருநாள் இடது காது வெடித்தது. அன்றிலிருந்து அந்தக் காதில் ஒன்றும் கேளாது. சின்ன வயதில் நானும் மில்ரனும் ஏதாவது பொய் சொல்லவேண்டுமென்றால் அவருடைய இடப் பக்கம் போய் நின்று சொல்லிவிட்டு, "சொன்னனாங்கள்தானே" என்று பிறகு சாதிப்போம். இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. கரையில் ஒரு படகுச் சம்மாட்டியின் வாடியில், ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து, கிழிந்த வலை பொத்துகிறார். அந்த மனிதர் அந்த ஒரு வருடத்தில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் வலையோடு இருப்பார். அன்றைக்குக் கையிலிருந்த பைக்குள்ளிருந்து ஒரு துவாயில் சுற்றிய சாமானை எடுத்து என் மேசையில் வைத்தார். மில்ரனுடைய கேம்போய், கையில் வைத்து விளையாடுகிற பெட்டி.

"இதுக்குள்ள அவன்ர பாட்டு இருக்கு. போனுக்குள்ள போட்டுத் தா பிள்ளை. ஆண்டுப் பூசை முடிய நான் கேக்கவேணும்," என்றார். படிவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார்: "நான் கேட்டமாதிரியே வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். பிரான்ஸிலிருந்து வந்த சித்தியின் மகன் விளையாடி அலுத்துப்போய் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன சாமான் அது. அதன் ஸ்பீக்கர் உப்புக்காற்றில் எப்போதோ செத்துவிட்டது, இயர்போன் குத்தினால்தான் சத்தம். மில்ரன் அதற்கென்று பாட்டுச் செய்கிற ஒரு கசெட்டைத் தபாலில் எடுப்பித்தான். விளையாட்டுப் பெட்டிக்குள் இருப்பது நாலே நாலு குரல். கீச்சென்று மெட்டுப் படிக்கிற குரல் இரண்டு, அடியில் உறுமுகிற குரல் ஒன்று, தாளத்துக்கு 'ஷ்' என்று சீறுகிற குரல் ஒன்று. இந்த நாலையும் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஆட்கள் பாட்டுக் கட்டுகிறார்களாம். எனக்கு அது காலையில் கீச்சு மெட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிசும் விற்க வருகிற ஓட்டோவின் சத்தம்போலத்தான் கேட்டது. அவன் கட்டிலில் இருந்து அந்தப் பொத்தான்களைக் குத்தும்போதெல்லாம், "அம்மா, பாண்காரன் வந்திட்டான், எழும்புங்கோ" என்பேன். அவன் இயர்போனைக் கழற்றி என் காதுக்குள் திணிக்க வருவான். நான் தள்ளிவிடுவேன். அப்படித்தான் எங்கள் வீட்டில் அன்பு.

அப்பா இதைக் கேட்டிருக்கிறார் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேசாலையிலிருந்து வாடிக்கு ஓடி வருவான் என்றும், அப்பா வலை பொத்தப் பொத்தப் பக்கத்தில் இருந்து போட்டுக் காட்டுவான் என்றும் அப்பா சொன்னார். எப்படிக் கேட்டீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை. இயர்போனில் கேட்டிருப்பார், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

ஜெகதீபன் அண்ணை அந்தக் கசெட்டைப் பற்றிக் கொம்பியூட்டரில் தேடிப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பாட்டு அதற்குள் பொறித்து வைக்கப்பட்டிருக்கவில்லையாம். உள்ளே ஒரு பொத்தான் பற்றரிதான் அதை நினைவில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பற்றரி செத்தால் பாட்டும் போய்விடும், வெளியே ஒரு பிரதியும் கிடையாது. பற்றரி பழசு. ஒரு வருடமாக அலுமாரிக்குள் கிடந்திருக்கிறது. "கெதியாச் செய்" என்றார்.

அடுத்த போயா தினத்தன்று, பௌர்ணமி விடுமுறை என்பதால் கடை பூட்டு. நான் மட்டும் திறந்துகொண்டு போய்ப் பின் அறையில் இருந்தேன். பெட்டியைப் போட்டதும் பாட்டுகளின் பெயர்கள் பச்சைத் திரையில் வந்தன. ஆங்கில எழுத்தில், இடம் போதாமல் குறுக்கிக் குறுக்கி எழுதியிருந்தான். நண்டு, வாடி, சோளகம் என்று போய், கடைசியில் கச்சான், பாதி எங்கள் கடற்காற்றுகளின் பெயர். ஒரு கை விரலுக்குக் கொஞ்சம் கூட. பெட்டியை ஓட்டுகிற பென்ரோச் பற்றரி பாட்டின் நடுவில் இறங்கிவிட்டால் சங்கடம் என்று யோசித்து, அதற்குப் பதிலாகச் சுவரிலிருந்து கரண்ட் எடுக்கும் அடாப்ரரை மாட்டினேன். கெட்டிக்காரி என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன்.

நல்ல ஒலிப்பதிவுக்கு ஒரு முறை இருக்கிறது. நாலு குரலையும் ஒன்றாக எடுத்தால் பிறகு ஒன்றையும் திருத்த முடியாது. அதனால் மூன்றின் வாயைப் பொத்திவிட்டு ஒன்றை மட்டும் முழுப் பாட்டுக்கும் எடுக்கவேண்டும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. அப்படித்தான் செய்தேன். எடுக்கும்போதே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. முதல் மெட்டுக் குரல் எல்லாப் பாட்டிலும் வலப் பக்கம் மட்டும் வந்தது. இரண்டாவது மெட்டுக் குரல் இடப் பக்கம் மட்டும். உறுமலும் தாளமும் இரண்டு பக்கமும். பழகாதவர்கள் செய்கிற பிழை, கருவி கையில் கிடைத்தால் இடம் வலம் என்று எறிந்து விளையாடுவார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் தொழிலில் இடம் வலம் கிடையாது. அதற்கும் ஒரு கதை உண்டு. நான் கடைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கோயில் திருவிழாவுக்கென்று புனிதர் மன்றாட்டுமாலையைப் பதிந்தோம். பங்குச் சுவாமி புனிதரின் பெயரைச் சொல்ல, பாடகர் குழு "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லவேண்டும். நான் படித்த படிப்பைக் காட்டுவதற்குச் சுவாமியை இடப் பக்கமும் குழுவை வலப் பக்கமும் வைத்தேன். ஸ்பீக்கர் கட்டப் போன பொடியன்கள் வழக்கம்போல ஒரு வயரைத் தென்னையிலும் மற்ற வயரைக் கோயில் முகப்பிலும் கட்டிவிட்டார்கள். ஊரின் ஒரு பாதிக்குப் புனிதர்களின் பெயர் மட்டும் கேட்டது. மறுபாதிச் சனம் யாரென்று தெரியாத யாரையோ எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், வேண்டிக்கொள்ளும் என்று விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு வாங்கிய பேச்சு இன்னும் என் முதுகில் இருக்கிறது. அன்றோடு எங்கள் கடையில் ஒரு சட்டம்: எல்லாம் நடுவில்.

பின்னேரம்வரை எடுத்தேன். கச்சான் மட்டும் மிச்சம். அதன் முதல் குரலை முழுதாக எடுத்து முடித்தேன். இரண்டாவது குரலைத் தொடங்கினேன். அது தொடக்கத்தில் சும்மா இருந்தது, தன் முறை வரும்வரை காத்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சுரம் கேட்டது. அதோடு கரண்ட் போனது.

என் மடிக் கொம்பியூட்டரில் பற்றரி இருந்ததால் அது நிற்காமல் பதிந்துகொண்டே இருந்தது, வெறும் அமைதியை. கேம்போயின் திரை வெளுத்துப்போயிருந்தது. கரண்ட் வந்ததும் திரும்பப் போட்டேன். பெயர்கள் வரவேண்டிய இடத்தில் ஒரு எழுத்தும் இல்லை. உள்ளேயிருந்த பொத்தான் பற்றரி எப்போதோ சாகக் கிடந்திருக்கிறது. அன்றைக்கு அதைத் தாங்கியிருந்தது நான் மாட்டிய அடாப்ரர்தான். அணைத்துப் போட்டேன், திரும்ப அணைத்துப் போட்டேன். வெறுமை. எனக்கு ஏதாவது வரவேண்டுமே என்று கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தேன்.

இனி அவன் பாட்டு என்று உலகத்தில் இருப்பது என் கொம்பியூட்டரில் இருப்பது மட்டும்தான். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. பாட்டுத்தானே கேட்டார், பாட்டு இருக்கிறது.

அடுத்த கிழமைகளில் வேலை நேரத்துக்குப் பிறகு இருந்து மிக்ஸிங் செய்தேன். மிக்ஸிங் என்பது வேறொன்றுமில்லை, யார் முன்னுக்கு நின்று கதைப்பது, யார் பின்னுக்கு நிற்பது என்று தீர்ப்புச் சொல்வது. எல்லாக் குரலையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மெட்டுக் குரலும் ஒரே இடத்தில் நின்று நெருக்கின. இரண்டாவதைக் கொஞ்சம் தாழ்த்தி முதலாவதுக்குப் பின்னால் விட்டேன். பிறகு மாஸ்ரரிங். எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் காதைக் கிழிக்காமலும் அமுங்கிப் போகாமலும் இருக்கும்படி கடைசியாகச் சீவிச் சிங்காரிப்பது. அவனுடைய கீச்சுச் சத்தத்தின் கூர்மையை எல்லாம் மழித்தேன். அவன் செய்ததென்ற நினைப்பே எனக்கு வரவில்லை. சீமெந்துக் கடை விளம்பரத்துக்குக் காட்டுகிற கவனத்தைக் காட்டினேன், அதைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஜெகதீபன் அண்ணை கேட்டுவிட்டு, "வெளிநாட்டுச் சாமான் மாதிரி இருக்கு" என்றார். அரைகுறையாய் நின்ற கச்சானை விட்டுவிடச் சொன்னார். விட்டேன்.

ஆண்டுப் பூசை வந்தது. விடியப் பூசை, பிறகு சேமக்காலையில் கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும், பிறகு வீட்டில் சாப்பாடு. சனம் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டது. இன்றைக்காவது அழுவாளோ என்று பார்த்திருப்பார்கள். நான் கறிவாளியோடு பந்தி பந்தியாகப் போய் வந்தேன். எல்லாரும் போனபிறகு அம்மா ரீவியின் துணியை எடுத்து உதறி மடித்தார். ரீவியைப் போடவில்லை. "இனிப் போடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார்.

அப்பா வீட்டுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். ஆண்டுப் பூசைச் சேட்டுக்கூட மாற்றவில்லை, மடியில் அதற்குள் ஒரு வலைத் துண்டு வந்துவிட்டது. போனையும் இயர்போனையும் கொடுத்தேன். வலப் பக்கத்துக் குமிழைத் தன் வலக் காதில் வைத்தார். இடப் பக்கத்ததைக் கையில் பிடித்து வலப் பக்கமாக, பக்கத்தில் ஒருவரும் இல்லாத இடத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தார். வேண்டாததைத் தருகிறார் என்று நான் வாங்கி அவருடைய தோளில் தொங்கவிட்டேன். பாட்டைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கேட்டார். வலையூசி எடுத்த கை எழும்பி எழும்பி நின்றது. பிறகு குமிழைக் கழற்றினார்.

"இது அவன்ர இல்லைப் பிள்ளை."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு வருடமாக எங்கே போய்க் கிடந்ததோ அந்தக் கோபம், அப்படியே வந்தது. போயா தினத்தில் வேலை செய்ததைச் சொன்னேன், கிழமைக் கணக்காய் இருந்து கண் பூத்ததைச் சொன்னேன், கரண்ட் போனதைச் சொன்னேன், பெட்டிக்குள் இப்போது ஒன்றுமே இல்லை, இதுதான் இருக்கிறது, இதையும் வேண்டாமென்றால் கடலில் கொண்டுபோய்ப் போடுங்கோ என்றேன். அப்பா நல்ல காதை என் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பெட்டி வெறுமையாகிவிட்டது என்ற இடத்தில் மட்டும் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"அவன்ர பாட்டு கொஞ்சம் படிக்கும். பிறகு தாளம் மட்டும் போகப் பேசாமல் நிக்கும். பிறகு படிக்கும்," என்றார். "நிக்கிற நேரத்துக்கு நான் வலையில ஒரு கண்ணி போடுவன். நான் வேலை செய்யிறதுக்காண்டி இடம் விட்டுக் கட்டியிருக்கிறான் எண்டுதான் நினைச்சனான். இதில இடமே இல்லை. ஆரோ ஓயாமல் குறுக்கால கதைக்கினம்."

என் கோபம் அந்தரத்தில் நின்றது. "எப்பிடியப்பா கேட்டனீங்கள் ரெண்டு பேரும்?" என்றேன்.

"இப்பிடித்தான்." குமிழ்களை எடுத்துக் காட்டினார். "இது எனக்கு. மற்றது அவனுக்கு."

நான் மண்ணில் இருந்துவிட்டேன். அவன் அப்பாவின் வலப் பக்கம் ஒட்டி இருந்திருக்கிறான். அவருடைய நல்ல காதுக்கு ஒன்று, தன் இடக் காதுக்கு மற்றது. பாட்டு முழுக்க அந்த ஒற்றை இயர்போனைப் பகிர்ந்துகொண்டு இருக்கப்போகிற இரண்டு பேருக்கென்று கட்டியது. வலப் பக்கம் கேட்கும், இடப் பக்கம் பதில் சொல்லும். இடப் பக்கம் கேட்கும், வலப் பக்கம் பதில் சொல்லும். என் மன்றாட்டுமாலையில் பிழையாய்ப் போனதை அவன் வேண்டுமென்றே செய்திருக்கிறான். நான் அதைச் சட்டப்படி நடுவில் போட்டு நசித்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பாட்டின் பாதிதான் தெரியும். அந்தப் பாதி அவருக்கு முழுசு.

சொன்னேன். நீங்கள் பேசாமல் நிற்குது என்று நினைத்த இடத்தில் மற்றப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதைத்தான் இப்போது கேட்டீர்கள் என்றேன். அப்பா வலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அப்ப நான் கண்ணி போடேக்க, அவன் கேட்டுக்கொண்டு இருந்தவன்," என்றார்.

"ஓம் அப்பா."

"சொல்லேல்லையே."

அவன் ஏன் சொல்லவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருந்தால் அந்த மனிதர் கண்ணி போடுவதை விட்டுவிட்டு, கேளாத காதை நினைத்துக்கொண்டு இருந்திருப்பார். மில்ரன் அப்படியான ஆள்தான். எனக்கு அவன்மேல் எரிச்சலாய் வந்தது.

உள்ளே போய் என் மடிக் கொம்பியூட்டரை எடுத்துக்கொண்டு வந்தேன். முதல் குரலை வலப் பக்கம் கொண்டுபோய் ஒட்டவைத்தேன், இரண்டாவதை இடப் பக்கம். மழித்த கீச்சு எல்லாவற்றையும் திரும்ப வளரவிட்டேன். மாஸ்ரரிங் என்று செய்த அவ்வளவையும் கழற்றி எறிந்தேன். செய்யக் கிழமைகள் பிடித்தது, கலைக்க ஒரு தேத்தண்ணீர் ஆறுகிற நேரம். அப்பா பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியாக ஒன்று இருக்குமே, அது எங்கே என்று கேட்டார். கச்சானைத்தான் கேட்கிறார். அது அரைகுறை, ஒரு குரல்தான் இருக்கிறது, உறுமலும் தாளமும் இல்லை என்றேன். எந்தக் குரல் என்றார். உங்கடது என்றேன்.

"அப்ப போடு."

போட்டேன். இரண்டாவது குரலில் பதிந்திருந்ததையும், அந்தக் காத்திருந்த அமைதியையும் ஒற்றைச் சுரத்தையும், அதன் இடத்திலேயே வைத்து, மற்றப் பாட்டுகளுக்குக் கடைசியில் சேர்த்துவிட்டு, இயர்போனைக் கொம்பியூட்டரில் குத்தினேன்.

அப்பா தன் குமிழை வலக் காதில் வைத்தார். மற்றதைத் திரும்பவும் அந்தப் பக்கம் நீட்டினார். நான் இன்னொரு கதிரையை இழுத்து அவருடைய வலப் பக்கத்தில் போட்டு இருந்து, அதை வாங்கி என் இடக் காதில் வைத்தேன். வயர் கட்டை. தோள் முட்டத்தான் இருக்கவேண்டியிருந்தது.

நண்டு போனது. சோளகம் போனது. என் காதில் முதலில் உறுமலும் தாளமும் மட்டும் கேட்கும், பிறகு அவன் வருவான். நான் அவன் வருகிற நேரத்தில் அப்பாவின் கையைப் பார்த்தேன். என் பக்கம் மெட்டுத் தொடங்கினால் அவருடைய ஊசி வலைக்குள் போகும், முடிந்தால் கை நிற்கும். பிசகவே இல்லை. நான் கேட்பது அவருக்குக் கேட்காது, ஆனாலும் கை சரியாகப் போய்வந்தது. பாண்காரன் சத்தம் என்று சொன்ன அதே சத்தம்தான், மாறவில்லை. எனக்கு இன்னும் கேட்கவேண்டும்போல இருந்தது. அப்படி எதுவும் வேண்டும்போல இருந்து ஒரு வருடமாகிவிட்டது.

கடைசியாகக் கச்சான் தொடங்கியது. என் காதில் ஒன்றும் இல்லை. அப்பா தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்ததால் அவருக்குப் போகிறது என்று தெரிந்தது. நான் காத்திருந்தேன். பிறகு அந்த ஒற்றைச் சுரம் கேட்டது. அவ்வளவுதான்.

"முடிஞ்சுதோ அப்பா?" என்று அவருடைய முழங்கையைத் தட்டி, அவர் திரும்ப வாயசைத்துக் கேட்டேன்.

"இல்லை. போகுது," என்றார். "உறுமலும் தாளமும் இல்லை. மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கு."

நான் குமிழைக் கழற்றவில்லை. அப்பாவின் கை நின்றது. பிறகு ஊசி வலைக்குள் போய் ஒரு கண்ணி விழுந்தது. கை நின்றது. இன்னொரு கண்ணி. அந்தக் கண்ணி விழுகிற நேரமெல்லாம் என் காதில் அவன் பதில் சொல்லவேண்டிய நேரம். எவ்வளவு நேரம் சொல்லியிருப்பான், எந்த இடத்தில் நிறுத்தியிருப்பான் என்று அப்பாவின் விரலில் எனக்குத் தெரிந்தது. காதில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் அழுதேன். மெல்லமாக ஒன்றும் இல்லை, வாய்விட்டு, அயல் கேட்க அழுதேன். பக்கத்தில் தோள் முட்ட இருந்த அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. ஒரு காதில் ஒன்றும் கேளாது, மற்றக் காதில் மில்ரன் படித்துக்கொண்டிருந்தான். அவர் கண்ணி போட்டுக்கொண்டே இருந்தார்.

அம்மாதான் குசினிக்குள்ளிருந்து கேட்டுவிட்டு, கழுதைக்கு எடுத்த சோற்றுக் கோப்பையோடு ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், நடுவில் கிடந்த வயரைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் கையை வைத்தார்.

"முடிஞ்சுதே பிள்ளை?" என்றார்.

"இல்லையம்மா," என்றேன். "இன்னும் போகுது."